மாப்பிள்ளை இறங்கும் பாட்டு

தெரியும். அன்றைக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதும் "லைன் சரியில்ல, அப்புறமா பேசறேன்" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று. இங்கிலாந்தில் உன் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் ஒரு அம்மாள், நீ சின்ன வயதில் டிரம்பெட் வாசித்தவள் என்று தெரிந்ததும் தங்கள் ஊர் பேண்டில் உன்னைச் சேர்த்துவிட்டாள். ஜூன் மாதம் அவர்கள் ராணி பட்டமேறிய ஐம்பதாம் வருஷ விழா. பூங்காவில் கொடி கட்டி, மேசை போட்டு, ஊரே சேர்ந்து சாப்பிட்டு, பேண்ட் வாசிக்கப் போகிறார்கள். போன வாரம் ஒத்திகையில் உன் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். நான்கு வரி வாசித்தாய். நிறுத்திவிட்டாய். அது நீ பன்னிரண்டு வயதில் இந்த ஊர் மைதானத்தில் வாசித்த பாட்டு. மறுநாள் ஒத்திகை ஹாலிலிருந்தே எனக்குப் போன் போட்டு, ரிசீவரை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தாய். "ஏங்க, ஓடி வாங்க, மாப்ள எறங்கற பாட்டு!" என்று நான் போட்ட கூச்சலில் அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். இரண்டு பேரும் ஒரே ரிசீவரில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். அத்தனை தூரத்திலிருந்து, கடல் தாண்டி, எங்கள் கல்யாணப் பாட்டு. அப்பா நுரை என் காதெல்லாம்.

பிறகு நீ பேசினாய். "இது ராணி பாட்டுதாம்மா. அன்னிக்கு பேப்பர்ல போட்டது நெசம். நம்ம ஸ்கூல் பேண்டுக்கு பாஷா மாஸ்டரா இத எடுத்தாரு? உனக்கு அப்பவே தெரியுமா தெரியாதா? அது தெரியாம நான் இத வாசிக்க மாட்டேன்." மாதக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்றும் சொன்னாய்.

மெதுவாகச் சொல்கிறேன். முதலில் பாட்டைப் பற்றி.

இந்த ஊரில் பேண்ட் வைத்துக் கல்யாணம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். மாப்பிள்ளை அழைப்புக் கார் மாட வீதி சுற்றி வந்து மண்டப வாசலில் நிற்கும். உடனே கதவைத் திறக்கக் கூடாது. பாட்டு முதலில் ஓட்டமாக வரும். டிரம் படபடக்கும், கிளாரினெட்டுகள் ஒன்றை ஒன்று துரத்தும். பிறகு திடீரென்று எல்லாம் அகலமாகிவிடும். ஆறு மலையை விட்டு வெளியே வந்து சமவெளியில் பரவுகிற மாதிரி. அந்த இடம் வந்ததும்தான் கதவு. அப்போதுதான் மாப்பிள்ளை கால் வெளியே வரவேண்டும். என் கல்யாணத்தில் உன் அப்பாவுக்குப் புது ஷூ கடித்தது. ஓட்டப் பகுதி முடிவதற்குள் இறங்கிவிட்டார். பேண்ட்காரர்கள் வாத்தியத்தைக் கீழே இறக்கிவிட்டார்கள். "மாப்ள, உள்ள ஏறுங்க. இன்னும் எடம் வரல" என்றார் பெரிய டிரம் அடிக்கிறவர். ஊரே சிரிக்க, உன் அப்பா திரும்பக் காருக்குள் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, முதலிலிருந்து காத்திருந்தார். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இவரோடு சண்டை போடலாம், ஆனால் ரொம்ப நேரம் போட முடியாது என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. சரியாகத்தான் தோன்றியிருக்கிறது.

மறு வருஷம். நீ பிறந்து நாற்பது நாள் ஆகியிருக்கும். எனக்கு ராத்திரி பகல் இல்லாத காலம். கல்லூரியில் பிடித்த பழக்கம், சிற்றலை ரேடியோவில் வெளிநாட்டு ஸ்டேஷன்களைத் தேடிக்கொண்டிருப்பேன். ஒரு சாயங்காலம், கரகரப்புக்கு நடுவில், இங்கிலாந்தில் ராணி பட்டமேறிய இருபத்தைந்தாம் வருஷ விழா. குதிரைக் குளம்புச் சத்தம். ஜனக்கூட்டத்தின் இரைச்சல். வர்ணனையாளரின் குரல் உடைகிறது. பிறகு பேண்ட். ஓட்டம். ஓட்டம். பிறகு அந்த அகலம். மடியில் உன்னை வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். "ஏங்க! நம்ம பாட்டு!" அப்பா வந்து கேட்டார். முழுசும் கேட்டார். ரொம்ப யோசனையாக, "நம்ம பேண்ட் செட்டுகிட்ட இருந்து எடுத்துட்டானுங்களா?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குத் தையல் போட்ட இடம் வலித்தது. ஆக, எனக்கு அன்றைக்கே தெரியும். அது யாருக்காகச் செய்த பாட்டு, எந்த நாட்டின் பெருமைக்காக, அந்த அகலமான இடத்தில் அவர்கள் என்ன சொற்களைப் போட்டுப் பாடுகிறார்கள், எல்லாம். வர்ணனையாளர் விளக்கமாகச் சொன்னார். கேட்டு ஒரு நோட்டில்கூட எழுதி வைத்திருந்தேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நம் மாவட்டம் தனியாகப் பிரிந்து முதல் குடியரசு தினம். ஊரே புதுச்சட்டை போட்ட மாதிரி இருந்தது. போர்டுகளில் பெயிண்ட் காயவில்லை. நம்முடைய சொந்தக் கலெக்டர், நம்முடைய சொந்தக் கொடியேற்றம். பள்ளிக்கூடங்களுக்குள் பேண்ட் போட்டி என்று அறிவித்தார்கள். நான் இங்கிலீஷ் டீச்சர். ஆனால் பேண்டுக்கும் பொறுப்பு. சொல்லிக்கொடுக்க பாஷா மாஸ்டர். மசூதித் தெருப் பக்கம் அவருடைய பேண்ட் செட். அப்போது அவருக்கு என் வயதுதான், முப்பத்து மூன்று முப்பத்து நான்கு. சாயங்காலம் நாலரைக்கு சைக்கிளில் வருவார். அவருடைய மகள் ஷமீம் உன் வகுப்பு. பயிற்சியாளர் பிள்ளை என்பதால் பள்ளியில் அவளிடம் ஃபீஸ் வாங்கவில்லை. நீயும் அவளும் முன்வரிசை டிரம்பெட். "ஏ குட்டி, ஜாஸ்தி ஊதாத. காத்து கம்மியா வுடு, ஒதட்ட கெட்டியா புடி. ஊதறது வாயி இல்ல, வயிறு" என்று உன்னிடம் கத்துவார். நீ அதை வீட்டில் வந்து அப்பாவிடம் சொல்லி, அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வயிற்றால் ஊதிக் காட்டுவார்.

அணிவகுப்புக்கு எங்களிடம் இருந்த நடைப்பாட்டு சோகை பிடித்த பாட்டு. எல்லாப் பள்ளிக்கூடமும் அதையேதான் வாசிக்கும். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது மாஸ்டரிடம் சொன்னேன், மாப்பிள்ளை இறங்கும் பாட்டை வாசிக்கலாம் என்று. அவர் சிரித்தார். "இன்னா டீச்சர், அது கல்யாணப் பாட்டு. கலெக்டரு ஜீப்ப வுட்டு எறங்கறப்ப இத வாசிச்சா, பொண்ணு எங்கனு கேப்பாரு." நான் சிரிக்கவில்லை. மறுபடி சொன்னேன். அவர் முகம் மாறியது. "வேணாம் டீச்சர். கொடி முன்னாடி வாசிக்கிறது. அது எங்கருந்து வந்த பாட்டுனு எனக்குத் தெரியாது. எங்க செட்டு நோட்டுல இருக்கு, வாசிக்கிறோம். தெரியாதத கொடி முன்னாடி வைக்கக் கூடாது." அவ்வளவு தெளிவாகச் சொன்னார். எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த மைதானத்தில் நான்தான். நான் சொன்னேன்: "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாஸ்டர். வாசிங்க. நான் பொறுப்பு."

நான் பொறுப்பு. இந்த இரண்டு வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்.

ஏன் அப்படி ஆசைப்பட்டேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஷீல்டுக்காகவா? கொஞ்சம். ஆனால் அந்தப் பாட்டைச் சின்னப் பெண்கள் வாசித்துக் கேட்கவேண்டும் என்ற வெறி. வேறு சொல் இல்லை. நாற்பது பெண்கள், எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னல், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. முதல் நாள் தகரக் கடையில் பூனை புகுந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் ஓட்டம் பிடிபட்டது. ஆறாம் நாள் அந்த அகலமான இடத்துக்கு வந்தீர்கள், நீயும் ஷமீமும் ஒரே மூச்சாக மேலே ஏறினீர்கள், மைதானத்துக்குப் பின்னால் மலை நின்றது, மைதானத்துச் சுவருக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாஷா மாஸ்டர் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டுவிட்டார். "அல்லா! இன்னா டீச்சர் இது, எங்க செட்டுகூட இப்படி வாசிச்சதில்ல" என்றார். அவருக்கும் பிடித்துவிட்டது. அதையும் சொல்லவேண்டும். ஆனால் பிடிப்பது வேறு, தெரிவது வேறு.

அன்றைய தினம் உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குத் தெரியாததை மட்டும் சொல்கிறேன். நீங்கள் மேடையைத் தாண்டும்போது, வெளிநாட்டு விருந்தாளிகள் என்று போட்டிருந்த நாற்காலிகளில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் இருந்தாள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷமாக அறை எடுத்திருந்தவள், வெள்ளைக் கதர்ப் புடவை கட்டுவாள். அகலமான இடம் வந்ததும் எழுந்து நின்றாள். இரண்டு கையும் விரித்து, வாய் விட்டு, அவர்கள் சொற்களைப் பாடினாள். கண்ணீர் வழிகிறது. கலெக்டர் கைதட்டுகிறார். ஜனங்கள் அவளைப் பார்த்து இன்னும் கைதட்டுகிறார்கள். வெள்ளைக்காரியே நம் கொடிக்குப் பாடுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். ஷீல்டு நமக்கு. நீ என்னை வந்து கட்டிக்கொண்டாய், உன் உதடு வெடித்து ரத்தம் என் புடவையில். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த பகல்கள் குறைவு. அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு மாலைப் பத்திரிகைக்காரர் அந்த அம்மாளிடம் என்ன பாடினீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவள் கள்ளமில்லாமல் சொல்லியிருக்கிறாள், இது எங்கள் ராணியின் விழாக்களில் வாசிக்கிற பாட்டு, எவ்வளவு அன்பான ஜனங்கள் நீங்கள் என்று. அது பேப்பரில் வந்தது. மறுநாள் காலை சுவரெல்லாம் போஸ்டர். பள்ளிக்கூட வாசலில் கொடி பிடித்துக்கொண்டு முப்பது பேர். "வெள்ளக்காரனுக்கு வாழ்த்துப் பாட்டா? மன்னிப்புக் கேள்!" அந்த நேரம் பார்த்து அந்த அம்மாள், பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு தார் வாழைப்பழத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். கோஷம் போட்டவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆளுக்கொரு பழம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள். தின்றுவிட்டு மறுபடி கோஷம் போட்டார்கள்.

அதுவரை சிரிக்கலாம். மத்தியானம் தாளாளர் கூப்பிட்டு எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார். நான் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி. பாட்டைத் தேர்ந்தெடுத்தது பயிற்சியாளர். அதன் மூலம் எனக்குத் தெரியாது. இரண்டு வரி, இரண்டு பொய். கையெழுத்து, தேதி. என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நிஜம்தான், ஆனால் காரணம் அது இல்லை. காரணம் இதுதான்: என்னை நம்புவார்கள், அவரை நம்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் எம்.ஏ. அவர் பேண்ட்காரர், பாய். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். சைக்கிளைத் திருப்பும்போது வராந்தாவில் என்னைப் பார்த்தார். நான் பொறுப்பு என்று நான் சொன்னதை அவர் சொல்லிக்காட்டுவார் என்று நின்றேன். "டீச்சர், பொண்ணுங்களுக்கு ஒதடு வெடிச்சிருக்கும். வெண்ண தடவச் சொல்லுங்க" என்றார். போய்விட்டார்.

அந்த வருஷக் கடைசியில் ஷமீமை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நீ டிரம்பெட்டைத் துணி சுற்றி அலமாரி மேல் வைத்தாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் நீ ஏதாவது கேட்பாய். பசங்கள் தெருவில் மாஸ்டரைப் பார்த்து "ராணி பாய், ராணி பாய்" என்று கத்தினார்கள். இரண்டு முகூர்த்த சீசன் அவருக்கு ஆர்டர் குறைந்தது என்று கேள்விப்பட்டேன். அப்புறம் ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன், அவர் கடைக்கு மேலே புது போர்டு. ராணி பேண்ட் செட். சிவப்பில் எழுதி, பக்கத்தில் கிரீடம் வரைந்திருந்தது. இப்போது அவரிடம் இரண்டு செட். வேலூர், ஆம்பூர் வரைக்கும் போகிறார்கள். அதைப் பார்த்து எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் என் இரண்டாவது தப்பு. அவர் சமாளித்துக்கொண்டார் என்பதால் நான் செய்தது சின்னதாகிவிடாது. நான் தலைமையாசிரியை ஆன அன்றைக்கே அந்த ஃபைலை எடுத்திருக்கலாம். அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. நான்கு வருஷமாக.

இதைத் தெரிந்துகொண்டு நீ வாசிக்கவேண்டும் என்பது என் ஆசை. உன் கூட இருக்கும் நம்மூர்ப் பெண்கள் "ராணிக்குச் சேவகமா?" என்று கிண்டல் செய்வதாகச் சொன்னாய். செய்வார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. அந்தப் பாட்டு செய்யப்பட்டதே ஜனங்களை எழுந்து நிற்க வைக்க. அது இந்தப் பக்கம் வந்ததே பட்டாளத்தின் கூட, வேலூர்க் கோட்டை மாதிரி இடங்களுக்கு. பட்டாளம் போய்விட்டது, பாட்டை இங்கே மாப்பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டார்கள். உன் அப்பா கடிக்கிற ஷூவோடு காத்திருந்ததும் அதன் கதையில் சேர்த்தி. அந்த வெள்ளைக்கார அம்மாள் அழுததும் சேர்த்தி. ஷமீம் பள்ளி மாறியதும். எதையும் கழிக்காமல் வாசி. யாராவது கேட்டால், எங்கள் ஊரில் இதற்குத்தான் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவான் என்று சொல். தெரிந்ததைத் தெரியாது என்று மட்டும் எங்கேயும், எந்தத் தாளிலும் எழுதாதே. எனக்குப் பாட்டு பிடித்தது தப்பில்லை. பிடித்ததற்கு என் பெயரைக் கொடுக்காமல் இன்னொருவர் பெயரைக் கொடுத்தேன். உன்னிடமும் ஷமீமிடமும் மாஸ்டரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நாளைக்கு இதை எடுத்துக்கொண்டு மாஸ்டர் கடைக்குப் போகிறேன். மீதி வந்து எழுதுகிறேன்.

செவ்வாய், மத்தியானம்.

போனேன். கடை வாசலில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழலைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்துவிட்டது. "வாங்க எச்.எம். மேடம்! பொண்ணுக்கு மாப்ள பாத்தாச்சா? ரெண்டு செட்டும் அனுப்பறேன்" என்றார். ஒன்று படித்துக் காட்டவேண்டும் என்றேன். ஸ்டூல் போட்டார். முதலிலிருந்து படித்தேன். உன் அப்பா திரும்பக் காரில் ஏறின இடத்தில் அவர் சிரித்த சிரிப்புக்கு உள்ளேயிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. இரண்டு வரி, இரண்டு பொய் என்று வந்தபோது தேய்ப்பது நின்றது. முடிக்கும்வரை கையில் புளியோடு அப்படியே இருந்தார்.

"பொண்ணு டிரம்பெட்டுல எந்த லைன் வாசிக்குது? ஃபஸ்ட்டா, செகண்டா?"

"ஃபஸ்ட்."

"அகலமா வர்ற எடத்துல மூச்ச ரெண்டா பிரிக்கச் சொல்லுங்க. ஒரே மூச்சுல இழுக்கும் அது. மூச்சு பத்தாம நடுவுல நின்னுடும்."

பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். நான் எழுந்தபோது சொன்னார். "எனக்குப் படிச்சுக் காட்னீங்க, சரி. எனக்கு இது புதுசா டீச்சர்? வேணாம்னு சொன்னவனே நான்தான். எனக்கு எதுக்கு? எங்க எழுதிக் குடுத்தீங்களோ, அங்க எழுதுங்க. என் பேரு அந்தப் பேப்பர்ல தான இருக்குது. ஷமீம் டீச்சருக்குப் படிச்சிட்டு ஆரணில வேல பாக்குது. எத்தினி வாட்டி கேட்டுச்சு தெரியுமா, வாப்பா, நீங்க தெரிஞ்சுதான் வாசிச்சீங்களான்னு. நான் வாயால சொன்னா மகளுக்கு அது வெறும் அப்பன் சொன்னதுதான்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னித்தீர்களா என்று நானும் கேட்கவில்லை.

நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். பழைய ஃபைலை எடுத்தேன். தாளாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: பாட்டைத் தேர்ந்தெடுத்தது நான், பயிற்சியாளர் வேண்டாம் என்று சொன்னார், அதன் மூலம் எனக்கு முன்பே தெரியும், அன்று நான் கொடுத்த விளக்கம் பொய். கையெழுத்துப் போட்டேன். தாளாளரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அவர் கையெழுத்தையும் வாங்கினேன். அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாது. மூன்று நகல் எடுத்தேன். ஒன்றை மாஸ்டர் கடையில் கொடுத்தேன். ஒன்றை ஆரணிக்கு ஷமீமுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றாவதை இதோடு மடித்து வைத்து, உறையை ஒட்டினேன்.